பூவுக்குப் பொட்டு வைத்த கதை

நான் பன்னிரண்டு பேரைக் கொன்றவள். ஒருவரையும் பட்டினி போடவில்லை. எல்லோருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, வேளாவேளைக்குத் தண்ணீர் காட்டித்தான் கொன்றேன். (போலீஸுக்குப் போக வேண்டாம். பன்னிரண்டும் பூச்செடிகள்.)

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச வராது. இந்த வயதிலும் ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று கேட்கக் கூச்சப்பட்டு, முன்னால் நிற்பவர் கேட்கட்டும் என்று காத்திருப்பேன். ஆனால் கை இருக்கிறதே, அது வாய்க்கு நேர் எதிர். ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. உலை கொதிப்பதற்குள் மூன்று தடவை மூடியைத் திறந்து பார்ப்பேன். தூளியில் குழந்தை தூங்கினால், தூங்குகிறதா என்று எழுப்பிப் பார்ப்பேன். கேட்கத் தெரியாத வாயும் அடங்கத் தெரியாத கையும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மேலே படிக்கலாம்.

எழுபதுகளில் நடந்தது. சதுரங்கப்பட்டினத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவில் ஒரு குப்பத்தில் எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். என் வீட்டுக்காரர் ஏழுமலை கட்டுமரத்தில் போவார். கடல் கொடுத்தால் சோறு, கொடுக்காவிட்டால் கஞ்சி. பக்கத்திலேயே அணுமின் நிலையத்து ஆட்களுக்காக டவுன்ஷிப் எழும்பிக்கொண்டிருந்தது. பல ஊர்களிலிருந்து உத்தியோகஸ்தர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். அதில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த சரோஜாம்மா வீட்டில் நான் வாசல் தெளித்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சரோஜாம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அந்த அன்பையெல்லாம் வாசலில் இருந்த ஒரு பாத்தியில் கொட்டி வைத்திருந்தார். ஊட்டியில் இருக்கும் தங்கை கொடுத்த விதையாம். கெய்லார்டியா என்று பெயர். மலைப்பக்கத்துப் புல்வெளியில் யாரும் கவனிக்காமலே வருஷத்துக்கு வருஷம் துளிர்த்துப் பூக்குமாம். நம் ஊர்க் கடற்கரை மணலில், அந்த வெயிலில், பன்னிரண்டு செடிகளை இரண்டு வருஷம் பாடுபட்டு வளர்த்திருந்தார். பூவைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. நடுவில் நல்ல அரக்குச் சிவப்பு, இதழ் ஓரமெல்லாம் மஞ்சள். சிவப்புப் புடவைக்கு மஞ்சள் கரை போட்ட மாதிரி இருக்கும்.

அந்தச் சித்திரையில் சரோஜாம்மா என்னைக் கூப்பிட்டார்.

"கஸ்தூரி, இங்க வா கண்ணு. எந்தங்கச்சிக்குப் பிரசவம். எங்க வீட்டுக்காரரும் டிரெயினிங்குக்கு வெளியூர் போறாரு. நான் ஒரு மாசம் ஊருக்குப் போறேன், சாவி உங்கிட்டயே இருக்கட்டும். இந்தச் செடிய நீதான் பாத்துக்கோணும்."

தலையை ஆட்டினேன்.

"நான் திரும்பி வர்ற அன்னிக்கு நம்ம மாதர் சங்கத்துல பூந்தோட்டப் போட்டி இருக்குது. செங்கல்பட்டுலருந்து தோட்டக்கலை ஆபீசர் வந்து பாக்கப் போறாரு. ஜூன்ல புதுசா பாலர் பள்ளி தொறக்கறாங்கல்ல? அதுக்குத் தோட்டம் பாக்க ஒரு ஆள் வேணும். மாசச் சம்பளம். 'இந்தப் பாத்திய ஒரு மாசம் இந்தப் புள்ளைதான் பாத்துச்சு'ன்னு அன்னிக்கு அத்தன பேர் முன்னால உன்ன நிறுத்திச் சொல்லிப்போடறேன். வேலை உனக்குத்தான்."

மாசச் சம்பளம்! எங்கள் குப்பத்தில் ஆண்களுக்கே கிடையாது.

"வாரத்துக்கு ஒருக்கா, செடிக்கு ஒரு சொம்புத் தண்ணி. அவ்வளவுதான். எருவு கிருவு ஒண்ணும் வேண்டாம். வாடுன பூவ மட்டும் கிள்ளிப்போடு. மத்தபடி தொடாதே. வாராவாரம் எனக்கொரு கார்டு எழுதிப்போடு. வெளங்குச்சா?"

விளங்கவில்லை. வெயிலில் வாரத்துக்கு ஒரு சொம்பு எப்படிப் போதும் என்று கேட்க வேண்டும் போல் இருந்தது. வாய் என்ன சொன்னது தெரியுமா?

"சரிங்கம்மா."

(என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளை எண்ணிப் பார்த்தால், முக்கால்வாசி 'சரிங்கம்மா'வில்தான் ஆரம்பித்திருக்கும்.)

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மாமியார் பட்டம்மா உலர்த்திக்கொண்டிருந்த கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். அடுத்த அரை மணி நேரத்தில் குப்பத்தில் வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடி வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"எம் மருமவ கெவுருமெண்டு உத்தியோகத்துக்குப் போறா, தெரியுமா? பூ வளக்கிற உத்தியோகம். உக்காந்த எடத்துல சம்பளம்!"

"அத்தே, இன்னும் கெடைக்கல அத்தே," என்றேன் மெதுவாக.

"கெடைச்ச மாதிரிதான். நீ வாய மூடிக்கினு இரு."

அதைத்தான் நான் பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருந்தேன்.

முதல் இரண்டு நாள் சும்மா இருந்தேன். உண்மையாகவே இருந்தேன். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் போய்ப் பார்த்தால், பன்னிரண்டு செடியும் இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. வெயில் தாழ்ந்தால் தானே நிமிர்ந்துவிடும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பன்னிரண்டு குழந்தைகள் தாகத்தில் தலையைத் தொங்கப் போட்டிருக்கின்றன என்பதுதான். பாவம், அந்த அம்மா இதுகளைப் பட்டினி போட்டு வளர்க்கிறார்களே என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்குமோ என்று சந்தேகம். சவுக்குத் தோப்புக்குள் எங்கள் ஊர்ப் பெண்கள் மணலைத் தோண்டி வைத்திருக்கும் ஊற்றுக்குப் போனேன். கடலுக்குப் பக்கத்திலேயே, ஆனால் இளநீர் மாதிரித் தண்ணீர். இரண்டு குடம் சுமந்து வந்து ஊற்றினேன். மணல் ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டது. இன்னும் இரண்டு குடம். அதையும் குடித்துவிட்டது.

'தண்ணீர் நிற்கவே இல்லையே' என்று கை பரபரத்தது. மறுநாள் ஏரிப் பக்கம் போய் வண்டல் மண் வெட்டி, கூடையில் சுமந்து வந்து, ஒவ்வொரு செடிக்கும் சுற்றிக் கரை கட்டினேன். இப்போது தண்ணீர் குட்டை குட்டையாக நின்றது. பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதி. அன்று மாலை கார்டு எழுதினேன். 'அன்புள்ள அம்மாவுக்கு. செடிகள் நலம். இப்படிக்கு கஸ்தூரி.'

இரண்டாவது வாரம் அடி இலைகள் மஞ்சளாயின. எனக்குத் தூக்கம் போய்விட்டது. விடிந்ததும் போவேன், வேலை முடிந்ததும் போவேன், மத்தியானம் சோற்றுக்கு நடுவில் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவேன். மண்ணை விரலால் தோண்டி, வேர் உயிரோடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். (தினமும் இரண்டு தடவை வேரைத் தோண்டித் தொட்டுப் பார்த்தால் எந்தச் செடிக்குத்தான் உயிர் இருக்கும்?) அந்தப் பரபரப்பில், வேலிக்கு வெளியே ஜல்லிக் குவியல் பக்கம் முளைத்திருந்த, பூவில்லாத ஒரு களைச்செடியைக் கூட ஒரு நாள் குடத்தை இறக்கும்போது மிதித்துவிட்டேன். அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

மாமியாரிடம் சொன்னேன். இந்தக் குடும்பத்தில் எனக்கு வந்த பெரிய யோசனைகள் எல்லாம் அவரிடமிருந்து வந்தவைதான்.

"மஞ்சக் கட்டிக்கிச்சா? சத்து இல்லடி அதுக்கு. தென்ன மரம் காய்க்கலன்னா நாம இன்னா பண்றோம்?"

"அடியில மீன் போடுவோம்."

"அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

அன்றைக்குப் பார்த்துக் கடல் கொந்தளிப்பு. கட்டுமரம் எதுவும் போகவில்லை. பச்சை மீன் இல்லை. மாமியார் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு உள்ளே போய், சம்பந்தி வந்தால் ஆக்கிப்போட என்று எடுத்து வைத்திருந்த சுறாக் கருவாட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அந்தத் தியாகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

"உத்தியோகம்னா சும்மாவா? போய்ப் போடு."

கட்டுமரத்துக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "ஏம்மா, கருவாட்டுல உப்பு கீது. செடி தாங்குமா?"

"நீ சும்மா இருடா. உப்பு இல்லாம யாருனா சாப்புடுவாங்களா?"

அவரும் என்னைப் போலத்தான். வாயை மூடிக்கொண்டார்.

செடிக்கு ஒரு துண்டு சுறாக் கருவாடு. உப்பு உப்பாக, கெட்டியாக. வேருக்குப் பக்கத்திலேயே புதைத்து, மேலே இரண்டு குடம் தண்ணீர். அடுத்த நாள் டவுன்ஷிப்பில் எத்தனை பூனைகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காக்காய்களும் வந்தன. நான் விரட்டுவதும் அவை வருவதுமாக மூன்று நாள். பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்.

"கஸ்தூரி, எந்தா இது? பூந்தோட்டமா, மீன் மார்க்கெட்டா?"

"சரிங்கம்மா," என்றேன். வேறு என்ன சொல்வது?

இரண்டாவது கார்டு: 'செடிகள் ஒருவாறு நலம்.' மூன்றாவது கார்டு: 'கடவுள் புண்ணியத்தில் எல்லாம் நடக்கும். தங்கச்சிக்கு என்ன குழந்தை?'

நாலாவது வாரம் வியாழக்கிழமை பன்னிரண்டாவது செடியும் கறுத்துச் சாய்ந்தது. கையால் தொட்டேன், வேரோடு வந்துவிட்டது. வேர் அழுகிய வாழைப்பழம் மாதிரி இருந்தது. அன்றைக்கே சரோஜாம்மாவின் கடிதமும் வந்தது. ஞாயிறு காலை செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கி நேராக பஸ்ஸில் வருகிறேன், மூன்று மணிக்குப் போட்டி, செடிகளைப் பார்க்கக் கண் தேடுகிறது என்று எழுதியிருந்தார்.

பாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வேலை போய்விட்டது என்பதைவிட, மாமியார் வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடி வரை திரும்பவும் போய் 'இல்லை' என்று சொல்ல வேண்டுமே, அதுதான் பெரிய அழுகை. நாகரிகமான மனுஷியாக இருந்தால் அந்த அம்மா காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருப்பாள். அதற்கு வாய் வேண்டும். எனக்கு இருந்தது கை மட்டும்தான்.

சனிக்கிழமை காலை திருக்கழுக்குன்றம் சந்தைக்கு பஸ் ஏறினேன். மஞ்சள் துலுக்கச் சாமந்தி ஒரு கூடை வாங்கினேன். மூன்று பொட்டலம் குங்குமம் வாங்கினேன்.

இதற்கு மேல் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். ஞாயிறு விடிந்ததும், தென்னை ஈர்க்குகளில் ஒன்றுக்கு ஒரு பூவாகச் செருகினேன். வலை பின்னுகிற நைலான் நூலால் இறுக்கிக் கட்டினேன். பாத்தியில் வரிசையாகக் குத்தி வைத்தேன். அடியில் இலைக்கு, சவுக்குத் தோப்பு ஓரத்தில் பிடுங்கிய ஏதோ தழை. கடைசியில், ஒவ்வொரு பூவின் நடுவிலும் மோதிர விரலால் நன்றாகக் குங்குமத்தை அப்பினேன். நடுவில் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள். பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். அச்சு அசலாக இருந்தது. (முப்பதடி தள்ளி நின்றிருந்தால் இன்னும் அசலாக இருந்திருக்கும்.)

அந்த நேரத்தில் பால் வாங்கப் போன ஓர் அம்மா வேலியோரம் நின்று பாத்தியைப் பார்த்தார். பூவெல்லாம் நெற்றியில் குங்குமத்தோடு வரிசையாக நிற்பதைப் பார்த்து என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றி விட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

சரோஜாம்மா பதினொரு மணிக்கு வந்தார். ரயில் அலுப்பு. வாசலில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பாத்திப் பக்கம் திரும்பினார்.

"அடேயப்பா! எப்பிடிப் பூத்திருக்குது! கஸ்தூரி, நீ கைராசிக்காரி கண்ணு!"

கண்ணாடியைப் போடுவதற்குள் அவர் பெட்டியை வாங்கி, உள்ளே காப்பி இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போய்விட்டேன். அப்புறம் குளிக்கத் தண்ணீர் வைத்தேன். அப்புறம் சாப்பாடு. அப்புறம் கொஞ்சம் படுங்கம்மா என்று விசிறினேன். அவர் வெளியே எட்டிப் பார்க்கும்போதெல்லாம் குறுக்கே நின்றேன். "ஏன் கண்ணு இன்னிக்கு இப்பிடித் தவிக்கறே?" என்றார். "ஒண்ணுமில்லீங்கம்மா," என்றேன்.

மூன்று மணி. மாதர் சங்கத்து அம்மாக்கள் ஒரு இருபது பேர், நடுவில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் செங்கல்பட்டு ஆபீசர். வயதானவர், நல்ல மனுஷர் முகம். வேலிக்கு அந்தப் பக்கம் என் மாமியார் குப்பத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு நின்றுகொண்டிருந்தார். மருமகள் உத்தியோகம் வாங்குவதைப் பார்க்கக் கூட்டி வந்திருந்தார்.

சரோஜாம்மா என் தோளில் கை வைத்து முன்னால் நிறுத்தினார். "சார், இந்தப் புள்ளைதான் ஒரு மாசமா பாத்துச்சு."

அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று திரும்பியது. மத்தியானத்துக்கு மேல் எங்கள் ஊரில் கடலிலிருந்து காற்று வீசும். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டது. காற்று வர, பூக்கள் எல்லாம் ஈர்க்கில் கிர்ரென்று ஒரே நேரத்தில் சுழன்றன. குங்குமம் லேசாகப் பறந்தது. ஆபீசர் வெள்ளைச் சட்டையில் ரோஜா நிறத்தில் ஒரு தூவல்.

அவர் கவனிக்கவில்லை. குனிந்து, ஒரு பூவின் நடுவில் விரலை வைத்தார். விரலில் குங்குமம் ஒட்டியது. விரலில் குங்குமம் ஒட்டினால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? அவரும் அதைத்தான் செய்தார். பழக்கத்தில் கை தானாகப் போய் நெற்றியில் இட்டுக்கொண்டது. கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். அதற்கப்புறம்தான் தான் செய்தது என்ன என்று அவருக்கு உறைத்தது. விரலைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். மெதுவாக அதைத் தூக்கினார். ஈர்க்கு, நைலான் நூல் எல்லாம் சேர்ந்து வந்தன.

அவர் மூக்கைச் சுளித்து, மண்ணை முகர்ந்தார்.

"இதுக்கு என்ன உரம் போட்டீங்க?"

சரோஜாம்மா என் பக்கம் திரும்பினார். இருபது அம்மாக்களும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அத்தனை பேர் முன்னால், என் வாய் தானாகத் திறந்தது.

"சுறாக் கருவாடுங்க ஐயா."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "நல்ல கருவாடு சாமி! சம்பந்திக்கு வெச்சிருந்தது!"

முதலில் சிரித்தது ஆபீசர்தான். நெற்றியில் பொட்டோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அம்மாக்கள், குப்பத்துப் பெண்கள், பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா எல்லோரும். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். சரோஜாம்மாவும் நானும். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. இரண்டு வருஷத்துப் பாடு அல்லவா? அதைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையாகவே செத்துவிடலாம் போல் இருந்தது.

ஆபீசர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் பார்த்தார். கையிலிருந்த குடையின் நுனியால் ஜல்லிக் குவியலைக் காட்டினார்.

"அம்மா, அழாதீங்க. உங்க செடி அங்க நிக்குது பாருங்க."

நான் மிதித்த அந்தக் களைச்செடி! போன வருஷத்து விதை காற்றில் பறந்து விழுந்து முளைத்திருக்கிறது. ஜல்லிக் கல்லுக்கு நடுவில், கொளுத்துகிற வெயிலில், ஒன்பது பூவோடு கெய்லார்டியா நின்றது. நடுவில் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள். குங்குமம் இல்லை.

சரோஜாம்மா அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கஸ்தூரி. இதுக்குத் தண்ணி ஊத்துனியா?"

"இல்லீங்கம்மா."

"எருவு?"

"இல்லீங்கம்மா. களைன்னு நெனச்சிக்கினு ஒருவாட்டி மிதிச்சிட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுதான் நல்லா இருக்குது," என்றார்.

வேலிக்கு வெளியே இருந்ததால் அதற்குப் பரிசு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சரோஜாம்மா பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள், காய்ந்த பூத்தலைகளைக் கிள்ளி ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "உங்க குப்பத்துல எங்காச்சும் வீசு. வீசிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு." அப்படியே செய்தேன். அதாவது, வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

வேலையும் கிடைத்தது, ஆனால் தோட்ட வேலை இல்லை. ஜூனில் பாலர் பள்ளி திறந்தபோது சரோஜாம்மா என்னை ஆயா வேலைக்குச் சொல்லி வைத்தார். மணி அடிப்பதும் குழந்தைகளுக்கு மூக்குத் துடைப்பதும் என் வேலை. ஒரே ஒரு நிபந்தனை: தோட்டத்துப் பக்கம் கஸ்தூரி போகக்கூடாது. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தப் பள்ளியில் பூவாளியை அலமாரியில் வைத்துப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். தலைமை ஆசிரியைகள் மாறினார்கள், சாவி மட்டும் என் கைக்கு வரவில்லை. குழந்தைகள் ஓயாமல் ஓடிக்கொண்டே இருப்பவர்கள், அதனால் என் கைக்கு அங்கே பொருத்தமான வேலைதான்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது ஒன்றை மறைத்துப் பூசி மெழுகினால், "பூவுக்குப் பொட்டு வெச்சிட்டியா?" என்றுதான் கேட்பார்கள். மகன் மார்க் அட்டையில் மூன்றை எட்டாக்கிய அன்று அவன் அப்பா கேட்டார். மருமகள் தீய்ந்த இட்லியைத் தட்டில் கவிழ்த்து வைத்த அன்று மகன் கேட்டான். குழந்தைக்குச் சோறு அதிகமாக ஊட்டினால், "பாத்தும்மா, கருவாடு போட்டுடாத" என்பார்கள். மாமியார் சாகும்வரை, தப்பு கருவாட்டில் இல்லை, தண்ணீரில்தான் என்று சாதித்தார்.

குப்பத்து மணலில் படகு பழுது பார்க்கிற இடத்தைச் சுற்றி அந்தப் பூ இப்போது காடாகக் கிடக்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. போன மாதம் என் பேத்தி அதிலிருந்து மூன்று நாற்றைப் பிடுங்கி வந்து வாசல் தொட்டியில் நட்டாள். இப்போது எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். போகும்போது, "ஆயா, நீ தொடாத. கை துறுதுறுன்னா எதையாவது எழுதிக்கினு இரு" என்று ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதனால்தான் இதை எழுதினேன். எழுதிக்கொண்டிருந்த வரைக்கும் கை அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது நோட்டு தீர்ந்துவிட்டது. அவர்கள் வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. வெயிலும் நன்றாக அடிக்கிறது. மூன்றாவது செடி கொஞ்சம் தலையைத் தொங்கப் போட்ட மாதிரி இருக்கிறது.